தொய்வு இல்லாத செயினும் தண்ணீர் இல்லாத பற்றரியும்

கடந்த மாதம் சாம்பல்தீவிலிருந்து ஓர் இளைஞர் தம் மோட்டார் சைக்கிளை எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தார். "அண்ணை, செயின் சத்தம் போட்டுது, நானே வீட்டில வச்சு நல்லா இறுக்கினன், இப்ப வேற சத்தம் வருது" என்றார். கீழ்ப்பக்கச் செயினை விரலால் தட்டிப் பார்த்தேன். வீணைத் தந்தி போல் விறைத்து நின்றது. அவர் வயதில் நானும் இதையே செய்தவன் என்பதால் கோபத்தை அவர் மேல் காட்டவில்லை. ஆனாலும் இந்த ஒரு பிழையைக் காணும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. ரயரில் காற்றுப் பார்க்க மறப்பது, ஒயில் மாற்ற மறப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாமல், நல்லது செய்கிறோம் என்று நம்பிச் செய்யும் பிழைகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

செயினை இறுக்கிக் கட்டுவது

தளர்ந்த செயின் சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இறுகிய செயின் அப்படியல்ல. அது ஓசையில்லாமல் எஞ்சினுக்குள் இருக்கும் பாகங்களைத் தின்னும்.

காரணம் எளிது. செயின் ஓடும் பற்சில்லான ஸ்புரொக்கற்றில் எஞ்சின் பக்கத்துச் சிறியதும், பின் சில்லைத் தாங்கும் சுவிங் ஆம் அசையும் அச்சாணியும் ஒரே இடத்தில் இல்லை. ஒன்றுக்குச் சற்றுப் பின்னால் மற்றது இருக்கிறது. ஆகவே அதிர்வைத் தாங்கும் சொக் அமுங்கிப் பின் சில்லு மேலே ஏறும்போது, முன் ஸ்புரொக்கற்றுக்கும் பின் சில்லின் அச்சுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. ஸ்புரொக்கற், சுவிங் ஆம் அச்சாணி, பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும் கணத்தில் அந்தத் தூரம் உச்சத்தை அடைகிறது. ஆள் இல்லாமல் ஸ்ராண்டில் நிற்கும் வண்டியில் செயினை விறைப்பாகக் கட்டிவிட்டு, பின்னால் மனைவியையும் நடுவில் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளத்தில் இறங்கினால், அந்த மேலதிகத் தூரத்தைக் கொடுக்கச் செயினிடம் எதுவும் மிச்சமிருக்காது. அப்போது அது கியர்பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டைப் பின்னோக்கி இழுக்கும். தண்டைத் தாங்கும் பெயாரிங் தேயும், ஒயில் சீல் கசியும், பின் சில்லின் பெயாரிங்கும் அடிவாங்கும்.

இருபத்தைந்து வயதில் மீன் பெட்டி இரண்டையும் ஓர் உதவியாளரையும் ஏற்றிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் போய்வந்த காலத்தில், நானும் செயினை இப்படித்தான் கட்டியிருந்தேன். சில வாரங்களில் முன் ஸ்புரொக்கற் மூடியின் கீழே ஒயில் சொட்டத் தொடங்கியது. சீலை மட்டும் மாற்றினேன், மறுபடியும் சொட்டியது. பிறகு மூன்றாவது, நான்காவது கியர்களில் ஓர் ஊளைச் சத்தம் எழுந்தது. கடைசியில் எஞ்சினை இறக்கி, அதன் இரு பாதிகளையும் பிரித்து, அந்த ஒரு பெயாரிங்கை வெளியே எடுத்தபோது அதன் குண்டுகள் பள்ளம் பள்ளமாக இருந்தன. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையத்துக்காக முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவில் பல செயின்கள் வாங்கியிருக்கலாம்.

சாம்பல்தீவு இளைஞரின் வண்டியில் இன்னொரு பிழையும் சேர்ந்திருந்தது. தேய்ந்த செயின் சுற்று முழுவதும் ஒரே அளவாகத் தேய்வதில்லை; ஓரிடத்தில் தொங்கும், இன்னோரிடத்தில் இறுகும். அவர் தொங்கிய இடத்தைப் பார்த்து இறுக்கியிருந்தார். சில்லு அரைச் சுற்றுச் சுற்றியதும் இறுகிய பகுதி கீழே வந்து, உள்ளே இருந்த பெயாரிங்கைப் பிழிந்தது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். வண்டியை நியூட்ரலில் வைத்து, பின் சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றி, செயின் எங்கே அதிகமாக இறுகுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில், இரண்டு ஸ்புரொக்கற்றுகளுக்கும் நடுவே, கீழ்ச் செயினை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். நம்மூரில் அதிகம் ஓடும் 100, 125 சீசீ வண்டிகள் பலவற்றில் இந்த அசைவு மொத்தமாக 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு கைநூலிலோ சுவிங் ஆமில் ஒட்டிய ஸ்ரிக்கரிலோ இருக்கும். இரு பக்கத்துச் சரிசெய்யும் நட்டுகளையும் ஒரே அளவு திருப்பி, குறிகள் இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, அச்சு நட்டை முழுமையாக இறுக்கிய பிறகு தொய்வை மறுபடியும் அளக்க வேண்டும், ஏனெனில் அந்த நட்டை இறுக்கும்போதே அளவு மாறிவிடுகிறது. அதன் பின்னர், வழக்கமாக ஏறும் பாரத்தோடு இருவரை வண்டியில் அமரச் செய்து இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள். அப்போதும் சிறிது தொய்வு மிஞ்ச வேண்டும். சில்லைப் பின்னால் நகர்த்தினால் டிரம் பிரேக்கின் கம்பியும் இறுகும்; பிரேக் மிதி பிடிக்கத் தொடங்குமுன் உள்ள வெற்று அசைவைச் சரிபார்க்காமல் வீதிக்கு இறங்காதீர்கள்.

பழைய ஸ்புரொக்கற்றில் புதிய செயின்

செயின், முன் ஸ்புரொக்கற், பின் ஸ்புரொக்கற் மூன்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள். 428 என்ற அளவுச் செயினில் 20 கண்ணிகள் புதிதாக இருக்கும்போது 254 மில்லிமீற்றர் நீளம். அது 259ஐத் தாண்டினால் ஆயுள் முடிந்தது.

பாவித்த எஞ்சின் ஒயிலும் கிரீஸும்

வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஒயிலைச் செயினில் ஊற்றும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. அதில் புகைக்கரியும் உலோகத் தூளும் கலந்திருக்கின்றன. செயினைத் தேய்க்கும் பொருளையே அதற்கு உணவாகக் கொடுக்கிறோம். கிரீஸ் இன்னொரு வகைத் தீங்கு. அது கண்ணிகளை இணைக்கும் ஊசிகளுக்குள் இறங்காமல் வெளியே நின்று மணலைப் பிடித்துக்கொள்ளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலாவெளி வீதியில் ஓடும் வண்டிகளின் செயினைத் தொட்டால், அரைத்த பசை போல் விரலில் ஒட்டும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, ஓடி வந்த சூடு ஆறுமுன் செயின் ஒயிலைக் கீழ்ச் செயினின் உட்பக்கத்தில் மெல்லியதாக விட்டு, சிறிது நேரம் கழித்து மிகுதியைத் துடைத்துவிட்டால் போதும். ரப்பர் வளையம் உள்ள செயினில் பெற்றோல் படக் கூடாது.

எஞ்சின் ஓடும்போது செயினைத் துடைப்பது

விரல் போகும்.

கிளிப்பைத் திருப்பிப் பூட்டுவது

செயினின் இணைப்புக் கண்ணியைப் பூட்டும் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருக்க வேண்டும்.

பற்றரிக்குக் கிணற்று நீரும் ஆசிட்டும்

தண்ணீர் ஊற்றும் பற்றரியில் கந்தக அமிலமும் நீரும் கலந்திருக்கின்றன. சார்ஜ் ஏறும்போது நீர்தான் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து வெளியேறுகிறது. அமிலம் உள்ளேயே இருக்கிறது. ஆகவே மட்டம் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் மேல் கோடு வரை ஊற்ற வேண்டும். "பலம் வரும்" என்று ஆசிட் ஊற்றினால் கலவை கடுமையாகித் தட்டுகள் அரிக்கப்படும். கரையோரக் கிணறுகளின் நீர் உவர் கலந்தது. அதிலுள்ள உப்பும் இரும்பும் பற்றரியைக் கெடுக்கும். போத்தலில் விற்கும் குடிநீரிலும் தாதுக்கள் உண்டு என்பதால் அதுவும் ஆகாது. மட்டம் கீழ்க் கோட்டுக்குக் கீழே போய்த் தட்டு வெளியே தெரிந்தால், அந்தப் பகுதி வெண்மையாக இறுகிப் பெரும்பாலும் மீளாது. மூடி முத்திரையிட்ட பற்றரியைத் திறக்கவே வேண்டாம்.

பற்றரி இறந்துவிட்டது என்று அவசரமாகத் தீர்மானிப்பது

உப்புவெளியிலிருந்து சந்தைக்கு மட்டும் போய்வருபவர், ஒவ்வொரு முறையும் ஸ்ராட்டரை அழுத்திப் பற்றரியிலிருந்து எடுத்த சார்ஜைத் திருப்பிக் கொடுக்காமலே எஞ்சினை நிறுத்துகிறார். பின் பிரேக் விளக்கின் சுவிச் ஒட்டிக்கொண்டு விளக்கு எரிந்துகொண்டே இருப்பதையும் பலர் கவனிப்பதில்லை. புதிய பற்றரி வாங்குமுன் ஒரு மீற்றரை வைத்துப் பாருங்கள். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பற்றரி 12.6 வோல்ற்றோ அதற்கு மேலோ காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் வேண்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் பிழை, பற்றரிக்குப் போகும் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் றெகுலேற்றரில்தான். அதை மாற்றாவிட்டால் புதிய பற்றரியும் கொதித்துக் கெடும். வெளியே சார்ஜுக்குக் கொடுக்கும்போது லொறிப் பற்றரிகளோடு சேர்த்துப் போட வேண்டாமென்று சொல்லுங்கள். 5 அம்பியர் மணிப் பற்றரிக்கு அரை அம்பியர் போதும்.

முனைகளைத் தவறான ஒழுங்கில் கழற்றுவது

கடற்காற்றில் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும் தூளை, அப்பச்சோடா கரைத்த நீரால், அது மூடித் துளைக்குள் இறங்காதபடி கழுவி, உலர்த்தி, வாஸ்லைன் பூசலாம். அதற்காகக் கழற்றும்போது முதலில் மறை (−) முனையையும் பின்னர் நேர் (+) முனையையும் கழற்றுங்கள். பூட்டும்போது நேர் முனை முதலில். ஒழுங்கை மாற்றினால், நேர் முனையைத் திருப்பும் ஸ்பனர், மறை முனையோடு இணைந்த வண்டிச் சட்டத்தில் பட்ட கணத்தில் பொறி பறக்கும். சார்ஜில் இருந்து இறக்கிய பற்றரியின் மேல் ஐதரசன் நிற்கும்போது அந்தப் பொறியே போதும், மூடி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்க.