நெல்லைப் பக்கம் நாலு நாள்: காரில் இரண்டே பேர் போய்வர

மதுரையில் கிளம்பி மதுரையிலேயே முடிகிற வழி இது, சுற்றிலும் 600 கிலோமீட்டர் சொச்சம். ஓட்டுவது நான், வழி சொல்வது என் வாழ்க்கைத் துணை, அதனால் சண்டைக்கும் குறைவில்லை.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள். குற்றாலச் சாரல் ஜூன், ஜூலை, ஆகஸ்டில். அந்தச் சமயம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் பெரும்பாலான பறவைகள் கிளம்பிப் போயிருக்கும், தேரி என்கிற செம்மணல் காட்டில் காற்று மணலை வாரி மூஞ்சியில் அடிக்கும். எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆசைப்பட்டால் எதையும் பார்க்க முடியாது. நான் சொல்வது மாசிக் கடைசி, பங்குனி: பறவைகளும் இருக்கும், பதநீரும் இறங்கத் தொடங்கியிருக்கும். திருச்செந்தூர் மாசித் திருவிழாவும் பங்குனி உத்திரமும் எந்தத் தேதியில் என்று மட்டும் காலண்டரில் பார்த்துவிடுங்கள். உத்திரத்தன்று எந்தெந்த ஊரிலோ இருப்பவர்களெல்லாம் குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்கு வந்து இறங்குவார்கள், லாட்ஜில் திண்ணைகூட மிஞ்சாது.

முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசி. பால்கோவாவைக் கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். ஊருக்குக் கொடுக்க என்று முதல் நாளே ரெண்டு கிலோ வாங்கி, வெயிலில் நிறுத்திய காரில் வைத்து, மூன்றாம் நாள் எண்ணெய் கக்கிப் புளித்ததைக் குப்பையில் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன். இரவுச் சாப்பாடு செங்கோட்டைப் பக்கம், பார்டர் பரோட்டாவும் கோழியும்.

இரண்டாம் நாள் காலை பாபநாசம். பங்குனியில் குற்றாலம் மெயினருவி பெரும்பாலும் வெறும் பாறைதான், ஆனால் தாமிரபரணி விழுகிற அகஸ்தியர் அருவியில் வருஷம் பூரா தண்ணீர் இருக்கும். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும், பிளாஸ்டிக் பை, பாட்டிலை முன்னாடியே ஒதுக்கி வைத்துவிடுங்கள். காலையிலேயே குளித்து வந்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் வேன்கள் வந்து சேரும்.

திரும்பும் வழியில் பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையைப் பிளந்து, ஊறவைத்து, பருத்தி நூலோடு நெய்கிற பாய். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரையே நெய்து தருவார்கள். போய் நின்றவுடன் கிடைக்காது, நெய்ய நாள் பிடிக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்துத்தான் பெயர் போட்ட பாய் வந்தது. அதில் யார் பெயர் முதலில் என்பதற்கு ஒரு தனிப் பஞ்சாயத்து.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் திருநெல்வேலி டவுனில் இருக்க வேண்டும். நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையில் அல்வா சாயங்காலம்தான், தீர்ந்தால் தீர்ந்தது. ஒருவர் வரிசையில், ஒருவர் காரில். டவுனுக்குள் வண்டி நிறுத்த இடம் தேடுவது தனி வித்தை.

மூன்றாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். விடியுமுன் ஐந்து மணிக்குக் கிளம்பினால் கூந்தன்குளத்தில் வெளிச்சம் வரும்போது நிற்கலாம். குளத்தில் மட்டுமில்லை, ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரங்களிலும் நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். எச்சத்தையும் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் அவற்றைப் பார்த்துக்கொள்கிறார்கள், பறவை மிரளுமென்று தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. அதனால் நீங்கள் ஹாரன் அடிக்காதீர்கள், மரத்தடியில் காரை நிறுத்தாதீர்கள். (இரண்டாவது, உங்கள் காரின் நன்மைக்கு.)

பத்து மணிக்கு மேல் வெயில். திசையன்விளை வழியாக உவரிக்கு வாருங்கள், அங்கே கப்பல் மாதா கோயில் கப்பல் வடிவத்திலேயே இருக்கிறது, மேலே ஒரு விமானமும் உண்டு. கொஞ்சம் தள்ளி கடற்கரையிலேயே சுயம்புலிங்க சுவாமி கோயில், கடல் மண்ணைப் பெட்டியில் சுமந்து கொட்டி நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். மத்தியானத்தை இங்கே நிழலில் கழித்துவிட்டு, நாலு மணிக்கு மேல் தேரிக்குடியிருப்பு.

தேரி என்றால் கண்ணுக்கெட்டிய வரை செக்கச்செவேலென்ற மணல்மேடு. மணல் துகளில் இரும்பு ஆக்சைடு படிந்ததால் வந்த நிறம், காற்று குவித்த மேடு, நடுநடுவே பனையும் முந்திரியும். கற்குவேல் அய்யனார் கோயில் வரை நல்ல ரோடு. காரை அங்கே விட்டுவிட்டு நடங்கள், தயவுசெய்து நடங்கள். "இன்னும் கொஞ்சம் உள்ளே போ, கெட்டியாத்தான் இருக்கு" என்று வழி சொன்னவர் பேச்சைக் கேட்டு நான் இறக்கினேன், முன் சக்கரம் இரண்டும் பாதி புதைந்தன. ஆடு மேய்த்த அண்ணாச்சி ஒருவர் ஓடி வந்து, "முறுக்காதீய, இன்னும் புதையும்" என்றார். அவர் சொன்னபடி டயர் காற்றை 32லிருந்து 20 அளவுக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் தோண்டி, காய்ந்த பனை மட்டைகளைச் செருகி, ஸ்டியரிங்கை நேராக வைத்து மெதுவாக ஏறினேன். முக்கால் மணி நேரம். பிறகு காற்றுப் பிடிக்கும் வரை முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்ட வேண்டும், அதற்காக ஒரு சின்ன கம்ப்ரெசரைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். வழி சொன்னவர் திருச்செந்தூர் லாட்ஜ் வரை வாயே திறக்கவில்லை, அது ஒரு லாபம்.

நாலாம் நாள் காலை ஏழு மணிக்குள் உடன்குடிப் பக்கம் ரோட்டோரம் பாருங்கள், ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றித் தருவார்கள். வெயில் ஏற ஏற ருசி மாறும். அதைக் காய்ச்சியதுதான் கருப்பட்டி, உடைத்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள், சீனி கலந்தது பளபளவென்று கெட்டியாக உடையும். அங்கிருந்து மணப்பாடு பக்கம்தான்: மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், அடியில் கடல், புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. ஒரு மணி நேரம் போதும் என்று போனோம், மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் தூத்துக்குடியில் மக்ரூன், முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும்தான். மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள், டிக்கியில் போட்டால் பொடிதான் வீடு வரும். ஊருக்குக் கொடுக்க வேண்டியதைக் கடைசியாகக் கோவில்பட்டியில் கடலைமிட்டாயாக வாங்கிவிடுங்கள், வெயிலையும் மேடுபள்ளத்தையும் தாங்கும்.

மதுரை வந்ததும் கார் மிதியடிகளை உதறிவிடுங்கள். நாங்கள் சோம்பலில் விட்டோம், ஆடி வரைக்கும் அவர் செருப்பில் தேரி ஒட்டிக்கொண்டிருந்தது.