லைக் இருந்தா சிமிலியா? லிட்ரரி டெர்ம்ஸ்ல பசங்க கோட்டை விடுற இடங்கள்

பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிற பசங்களுக்கு டெஃபனிஷன் தெரியாம இல்ல, அதெல்லாம் கைடு பாத்து அட்சரம் பிசகாம எழுதிடுவாங்க. நாலு வரி குடுத்து இதுல என்ன டிவைஸ், அதாவது என்ன அணின்னு கேட்டா அங்கதான் சறுக்குறாங்க. ஏன்னா எல்லாரும் மேலாப்புல ஒரு அடையாளத்த வச்சு தேடுறாங்க, லைக் வந்தா சிமிலி (உவமை), ஒரே எழுத்து வந்தா அலிட்டரேஷன் (அடுத்தடுத்த வார்த்தைங்க ஒரே சத்தத்துல தொடங்குறது), ரைம் இல்லன்னா ஃப்ரீ வெர்ஸ்.

'ஷி வொர்க்ஸ் ஆஸ் எ நர்ஸ்'ல ஆஸ் இருக்குதான், ஆனா அந்தம்மா நெஜமாவே நர்ஸ், இதுல உவமை எங்க வந்துச்சு? 'ஹி லுக்ஸ் லைக் ஹிஸ் பிரதர்' கூட சும்மா ஒப்பீடு. சம்பந்தமில்லாத ரெண்ட பக்கத்துல வைக்கணும், ராபர்ட் பர்ன்ஸ் தன் காதல சிவப்பு ரோஜா மாதிரின்னு பாடினாரே, அது சிமிலி.

அலிட்டரேஷனுக்கு ஸ்பெல்லிங்க பாக்காதீங்க, வாய் விட்டு படிங்க. சிட்டி, பூனைய சொல்ற கேட் ரெண்டும் சி-ங்கற ஒரே எழுத்துல தொடங்குது, ஆனா சத்தம் வேற, அதனால செல்லாது. குதிரையில வர்ற நைட்டுக்கு முதல் எழுத்து கே, நோஸுக்கு என், ஆனா ரெண்டும் ஒரே சத்தம், அது செல்லும்.

இருக்கறதுலயே ரொம்ப அடி வாங்குறது ஐரனிதான், அதாவது நெனக்கிறதுக்கும் நெஜத்துக்கும் நடுவுல வர்ற முரண். பஸ்ஸ விட்டேன், அன்னிக்குன்னு பாத்து மழை வேற, இதுக்கு பேரு கெட்ட நேரம், ஐரனி இல்ல. ஷேக்ஸ்பியரோட மேக்பெத் நாடகத்துல முதல் ஆக்ட் நாலாவது சீன எடுத்துக்கோங்க. துரோகம் பண்ணின கௌடர்ங்கற பிரபுவ பத்தி ராஜா டங்கன் பேசிட்டு இருக்காரு, மூஞ்சிய பாத்து மனச கண்டுபிடிக்க வழியே இல்ல, அவன முழுசா நம்பியிருந்தேன்னு சொல்லி முடிக்கிறாரு, அந்த நேரத்துல உள்ள வர்றது யாரு, தளபதி மேக்பெத். கௌடரோட பட்டத்தையே இவனுக்குத்தான் குடுத்திருக்காங்க, கொலை நெனப்பு இவன் மனசுல வந்துடுச்சுன்னு முந்தின சீன்லயே நாம கேட்டாச்சு, பாவம் டங்கனுக்குத்தான் தெரியாது. இதுதான் டிராமாட்டிக் ஐரனி. பசங்க இதயும் க்ளைமாக்ஸ் ட்விஸ்ட்டயும் போட்டு குழப்புறாங்க, ட்விஸ்ட்னா நமக்கும் முன்னாடி தெரியாது, இங்க நமக்கு தெரிஞ்சிருக்கணும், அதுல இருந்துதான் அந்த பதட்டமே வருது. ஆன்சர்ல 'திஸ் இஸ் ஐரனி'ன்னு மட்டும் எழுதி விடாம யாருக்கு தெரியும், யாருக்கு தெரியாதுன்னு ஒரு வரி சேர்த்தீங்கன்னா மார்க் போட கை வரும்.

ஆக்ஸிமோரான், பேரடாக்ஸ் ரெண்டுக்கும் சட்டுனு ஒரு கணக்கு: 'ஸ்வீட் ஸாரோ' மாதிரி ரெண்டு வார்த்தை பக்கத்துல நின்னு முட்டிக்கிட்டா ஆக்ஸிமோரான், குழந்தைதான் மனுஷனுக்கு அப்பன்னு வேர்ட்ஸ்வொர்த் சொன்ன மாதிரி ஒரு முழு கருத்தே முரணா இருந்து யோசிச்சா சரின்னு பட்டா பேரடாக்ஸ்.

ப்ளாங்க் வெர்ஸும் ஃப்ரீ வெர்ஸும் ஒண்ணுன்னு எழுதுறவங்க இன்னும் இருக்காங்க. 1667ல வந்த மில்டனோட பேரடைஸ் லாஸ்ட்ல ரைம் கிடையாது, ஆனா மீட்டர், அதாவது சீரான சந்தம் உண்டு, ஒவ்வொரு வரியிலயும் அஞ்சு அழுத்தம் வரும், கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் பெரும்பாலும் பத்து சிலபிள் (அசை), அதுதான் ப்ளாங்க். 1855ல அமெரிக்க கவிஞர் விட்மேன் எழுதினதுல அந்த மீட்டரும் இல்ல, அதுதான் ஃப்ரீ. விரல் விட்டு எண்ணி பாத்துட்டு எழுதுங்க.

அப்புறம் நீளமா பேசினா சொலிலக்வின்னு நெனக்காதீங்க. ஷேக்ஸ்பியரோட ஜூலியஸ் சீசர் நாடகத்துல ஆன்டனி சீசர் பொணத்துக்கு பக்கத்துல பேசுறப்ப எதிர்ல ஒரு ஊரே நிக்குது. தனியா நின்னு மனசுல இருக்கறத பேசினாத்தான் சொலிலக்வி. கவிஞர் ப்ரௌனிங்கோட மை லாஸ்ட் டச்சஸ்ங்கற கவிதை டிராமாட்டிக் மோனோலாக், அதாவது ஒரு பாத்திரம் இன்னொருத்தர்கிட்ட பேசுறது, கேக்க ஒரு தூதர் இருக்காரு, பேசுறது ட்யூக். அதுல போய் 'தி போயட் சேஸ்'னு ஆரம்பிச்சா, பொண்டாட்டிய தீர்த்துக்கட்டினதா பூடகமா சொல்றது ப்ரௌனிங்னு ஆயிடும், அது வந்த 1842ல ப்ரௌனிங்குக்கு கல்யாணமே ஆகல, நாலு வருஷம் கழிச்சுதான் ஆச்சு. 'தி ஸ்பீக்கர்'னு போடுங்க.