ஸ்கிராட்ச் போதவில்லையா? கொஞ்சம் பொறுங்கள்

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சனிக்கிழமை நிரல் வகுப்புக்கு வந்ததும் வராததுமாக, "சார், ஸ்கிராட்ச் எனக்குப் போதல. பைத்தான் சொல்லிக்கொடுங்க" என்றான். ஸ்கிராட்ச் என்பது பிளாக்குகளை இழுத்து ஒட்டி நிரல் செய்யும் பிள்ளைகளுக்கான மொழி. பைத்தானில் நிரலை எழுத்தாகத் தட்ட வேண்டும். ஏன்டா என்று கேட்டதற்கு லேப்டாப்பைத் திறந்து காட்டினான். விண்கலம் வைத்துச் சுடும் கேம். எதிரிக் கப்பல்கள் 24. ஒவ்வொன்றும் தனி ஸ்ப்ரைட் (திரையில் நகரும் உருவம்), ஒவ்வொன்றுக்குள்ளும் அதே பிளாக்குகள் காப்பி அடித்து ஒட்டியிருந்தன. வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் 24 இடத்தில் போய் எண்ணை மாற்ற வேண்டும். "அதான் சார், இதுல பெரிய கேம் எல்லாம் பண்ண முடியாது."

முடியும். ஒரே ஸ்ப்ரைட்டை வைத்து 24 குளோன், அதாவது நகல், எடுத்தால் வேலை முடிந்தது. வேகத்துக்கு ஒரு வேரியபிள் (எண்ணைப் போட்டு வைக்கும் பெட்டி) உருவாக்கி, 'இந்த ஸ்ப்ரைட்டுக்கு மட்டும்' என்று குறித்துவிட்டால் ஒவ்வொரு குளோனுக்கும் அது தனித்தனியாகக் கிடைக்கும். 300 குளோன் வரை ஸ்கிராட்ச் தாங்கும். இதை அன்றைக்கே உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆசையோடு கேட்கிறானே என்று பைத்தானை ஆரம்பித்துவிட்டேன். சில வாரம் கழித்து அவன் எழுதியதைப் பார்த்தால், எனிமி1_எக்ஸ், எனிமி2_எக்ஸ் என்று 24 வரை வரிசையாக வேரியபிள்கள். மொழிதான் மாறியிருந்தது.

பிள்ளைகளுக்கான நிரல்மொழியான லோகோவை உருவாக்கியவர்களில் ஒருவரான சேமர் பேப்பர்ட், பிள்ளைகளுக்கான கருவியில் தரை தாழ்வாகவும் கூரை உயரமாகவும் இருக்க வேண்டும் என்பார். அதாவது, தொடங்குவது சுலபமாக இருக்க வேண்டும், பெரிய வேலையும் செய்ய முடிய வேண்டும். அந்த வழியில் வந்த மிட்செல் ரெஸ்னிக்கின் குழு, எம்ஐடியில் உருவாக்கி 2007இல் வெளியிட்டதுதான் ஸ்கிராட்ச். அதற்கும் கூரை உண்டு. ஆனால் நம் பையன் தலையை இடித்துக்கொண்டது கூரையில் இல்லை, அதற்குக் கீழே இருக்கும் பரணில்.

நிஜக் கூரை எங்கே இருக்கிறது என்று ஒரு உதாரணம். ஃபிபனாச்சி எண்ணை (முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை) கண்டுபிடிக்க ஒரு பிளாக் செய்கிறீர்கள். அது தன்னையே இரண்டு முறை கூப்பிட்டு, இரண்டு விடையையும் கூட்ட வேண்டும். ஸ்கிராட்சில் நாமே செய்யும் பிளாக் விடையைத் திருப்பித் தராது. ஒரு வேரியபிளில்தான் போட்டு வைக்க வேண்டும். இரண்டாவது முறை கூப்பிட்டதும் முதல் விடை அழிந்துபோகும். ஒரு லிஸ்ட்டை வைத்து, மேலே மேலே அடுக்கி, மேலிருந்து எடுத்துச் சமாளிக்கலாம். அப்படிச் சமாளித்துவிட்டு, "இதுக்கு இவ்வளவு சுத்தணுமா?" என்று அலுத்துக்கொள்ளும் பிள்ளை வந்தால் மறுபேச்சில்லாமல் அடுத்த படிக்கு அனுப்புவேன். ஸ்டாக் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அது ஸ்டாக்கைக் கட்டியிருக்கிறது. பிளாக்குகளே பிடித்திருந்தால் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஸ்னாப் இருக்கிறது. பார்க்க ஸ்கிராட்ச் மாதிரியே இருக்கும், ஆனால் விடை தரும் பிளாக்கை நாமே செய்துகொள்ளலாம்.

இன்னொரு தவறு, ஸ்கிராட்ச் தளத்தில் வரும் லைக்கையும் பார்வைகளையும் எண்ணித் திறமையை அளப்பது. யாரோ செய்த முப்பரிமாண எஞ்சினை ரீமிக்ஸ் செய்து, அதாவது நகலெடுத்து, நிறத்தை மாற்றி, தன் பெயரைப் போட்டால் இதயக்குறி வரத்தான் செய்யும். ரீமிக்ஸ் செய்வதில் தப்பே இல்லை, அதற்காகத்தான் அந்த வசதி. ஆனால் நான் ஒரு சோதனை வைப்பேன். உள்ளே போய் ஒரு பிளாக்கை உருவிவிட்டு, நிரலை ஓடவிடும் பச்சைக் கொடியை அழுத்தும் முன், என்ன ஆகும் என்று வாயால் சொல்லச் சொல்வேன். பத்துக்கு ஏழு சரியாகச் சொன்னால் அது உங்கள் நிரல். ஏஐ எழுதிக்கொடுத்த நிரலுக்கும் இதே சோதனைதான்.

பெற்றோர் பக்கத்துத் தவறும் ஒன்று உண்டு. "இன்னும் அந்தப் பூனையை வெச்சுக்கிட்டா விளையாடுற?" என்று கேட்பது. பூனை ஸ்கிராட்சின் சின்னம். ஹார்வர்டின் கணினி அறிமுகப் பாடமான சிஎஸ்50யே ஸ்கிராட்சில்தான் தொடங்குகிறது. அந்த வாரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வாரம் 0.

அந்தப் பூஜ்யம் பைத்தானிலும் காத்திருக்கிறது. ஸ்கிராட்ச் லிஸ்ட்டில் முதல் பொருள் 1, பைத்தானில் 0. இதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். விசைப்பலகையில் '5' என்று வாங்கி 3 கூட்டினால் ஸ்கிராட்ச் பேசாமல் 8 என்று சொல்லும். பைத்தானோ அது எழுத்து, இது எண் என்று முறைக்கும். அதுவும் பழகும்.

பிள்ளைகளை உண்மையில் அழவைப்பது ஃபாரெவர்தான், அதாவது உள்ளே இருப்பதை நிற்காமல் திரும்பத் திரும்பச் செய்யும் பிளாக். ஸ்கிராட்சில் பந்துக்கு ஒரு ஃபாரெவர், மட்டைக்கு ஒரு ஃபாரெவர், ஸ்கோருக்கு ஒன்று என்று வைத்தால், ஒவ்வொன்றும் ஒரு சுற்று முடிந்ததும் அடுத்ததற்கு வழிவிடும். எல்லாம் ஒன்றாக ஓடுவது போல இருக்கும். அதே நினைப்பில் பைத்தானில் இரண்டு 'வைல் ட்ரூ'வை (பைத்தானின் ஃபாரெவர்) ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், முதலாவது முடியவே முடியாது, இரண்டாவதன் முறை வரவே வராது. பந்து ஓடும், மட்டை நகராது. எந்தப் பிழைச் செய்தியும் வராததால், தனக்கு மண்டையில் ஏறாது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். இத்தனை நாளும் ஸ்கிராட்ச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்ட வேலை அது. இனி நாம்தான் ஒரே சுற்றுக்குள் பந்து, மட்டை, ஸ்கோர் என்று முறைபோட்டுக் கொடுக்க வேண்டும்.

அதனால் புது மொழியில் புது கேம் வேண்டாம். ஸ்கிராட்சில் ஏற்கனவே முடித்த பாங் கேமையே, அந்தப் பந்து-மட்டை விளையாட்டையே, பைகேமில் (பைத்தானில் கேம் செய்ய உதவும் தொகுப்பு) திரும்பச் செய்யுங்கள். விதிகள் தெரிந்தவைதான் என்பதால், தப்பு நடந்தால் எங்கே என்று தேடுவது சுலபம். ஸ்கிராட்சில் நடுத்திரைதான் பூஜ்யம், ஒய் (மேல்-கீழ் இடத்தைச் சொல்லும் எண்) கூடினால் மேலே போகும். பைகேமில் இடது மேல் மூலை பூஜ்யம், ஒய் கூடினால் கீழே இறங்கும். முதல் தடவை மேல் அம்பை அழுத்தியதும் மட்டை கீழே பாய்ந்தால், பையனே சிரித்துக்கொண்டு பிளஸ், மைனஸ் குறியை மாற்றிவிடுவான்.