எலாஸ்டிக் வெளியே தெரியாமல் பலாசோ தைப்பது எப்படி?

ரெடிமேட் பலாசோவில் பெரும்பாலும் இடுப்பைச் சுற்றி எலாஸ்டிக்தான். வீட்டில் போட அருமை. டாப்ஸை இன் செய்தாலோ, முன்னால் சுருக்கம் சுருக்கமாக நின்று நைட் பேண்ட் தோற்றம் வந்துவிடும். அதனால் முன்பக்கம் தட்டைப் பட்டி, பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக். ஜிப் வேண்டாம்.

துணி: 44 அங்குலப் பன்னாவில் (துணி அகலம்) இரண்டரை மீட்டர். என் ஓட்டு மாஸ் கிரேப்புக்கு. கனமாக விழும், அதிகம் கசங்காது. ரேயான்தான் வேண்டுமென்றால் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், சுருங்கும். ஜார்ஜெட் லைனிங் கேட்கும், முதல் பேண்ட்டுக்கு வேண்டாம். ஊசி 11 நம்பர்.

அளவு: சீட் (பின்புறச் சுற்றளவு) 40, இடுப்பு 32 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். முன்துண்டு இரண்டு, ஒவ்வொன்றும் 10.5 அங்குல அகலம்; பின்துண்டு இரண்டு, ஒவ்வொன்றும் 11.5. தையலுக்கு அரை அங்குலம் தனியாக விடுங்கள். முன்துண்டு ஒவ்வொன்றிலும் 1.5 அங்குலத்தை ஒரு ப்ளீட்டாக (மடிப்பாக) இடுப்பில் பிடித்தால் முன்பக்கம் மொத்தம் 18. பின்பக்கம் 23. கூட்டினால் 41. இந்தக் கூட்டல்தான் முக்கியம். எலாஸ்டிக்கை முழுசாக இழுத்தால் வரும் சுற்றளவு, சீட்டைவிட ஓர் அங்குலமாவது அதிகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பேண்ட் தொடையோடு நின்றுவிடும், மேலே ஏறாது. இடுப்பு 32இல் முன்பக்க 18 போக மீதி 14; எலாஸ்டிக்கை 13க்கு வெட்டுங்கள்.

கவட்டு (இரண்டு காலும் சேரும் இடம்): கெட்டியான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் இடுப்பிலிருந்து பலகை வரை அளந்து, ஓர் அங்குலம் கூட்டுங்கள். அதுதான் கவட்டு ஆழம். அந்த இடத்தில் முன்துண்டை 2.5 அங்குலமும் பின்துண்டை 5 அங்குலமும் வெளியே நீட்டி வளைவு போடுங்கள். இரண்டையும் ஒரே அளவில் வெட்டினால் பின்னால் பிடிக்கும். பின்துண்டின் நடுவை இடுப்பில் ஓர் அங்குலம் உயர்த்தவும் வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து எழும்போதெல்லாம் பேண்ட்டை மேலே இழுத்துவிட நேராது.

தையல்: ப்ளீட், பக்கவாட்டில் பாக்கெட், அப்புறம் ஒவ்வொரு காலையும் தனித்தனிக் குழாயாகத் தைத்துவிடுங்கள். ஒரு காலை நல்ல பக்கமாகத் திருப்பி, திருப்பாத மற்ற காலுக்குள் நுழையுங்கள். நல்ல பக்கமும் நல்ல பக்கமும் ஒட்டி நிற்க வேண்டும். முன் இடுப்பில் தொடங்கிப் பின் இடுப்பு வரை ஒரே ஓட்டம். வளைவில் மட்டும் இரண்டாவது தையல். முன்பட்டிக்குள் இஸ்திரியில் ஒட்டும் கேன்வாஸ் வையுங்கள்.

கீழ் மடிப்பு: அவசரப்படாதீர்கள். ஒரு ராத்திரி ஹேங்கரில் தொங்கட்டும், துணி இறங்கும். பிறகு போடப்போகும் செருப்போடு நின்று, தரைக்கு அரை அங்குலம் மேலே குறியுங்கள். இரண்டு அங்குல மடிப்பு, கையால் ஹெம்மிங். ப்ளீட்டிலிருந்து கீழ்வரை ஈரத்துணி போட்டு மடிப்பு இஸ்திரி போட்டால் ஆபீஸ் பேண்ட். அதே கறுப்புப் பேண்ட்டோடு பட்டுச் சட்டையும் ஜிமிக்கியும் சேர்த்தால் சாயங்கால ரிசப்ஷனுக்குப் போகலாம். 1960இல் ஃபேஷன் டிசைனர் இரேன் கலிட்சின் இத்தாலியில் இந்தப் பாணியைக் கொண்டுவந்ததே பட்டில், மாலை உடையாகத்தான்.

பிற்சேர்க்கை: உட்கார்ந்தால் முன்பட்டி உருளுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். கேன்வாஸ் மெலிதாக இருந்தால் உருளத்தான் செய்யும். பேண்ட் பட்டிக்கு என்று கேட்டால் கடைக்காரரே கெட்டியானதை எடுத்துத் தருவார்.