உப்பு பூத்த வெளிப்பூச்சும் வாரண்டியும்: என் அனுபவம்

வேதாரண்யம் பக்கம் வீடு. வெளிச்சுவரில் அடியிலிருந்து 2 அடிக்கு உப்பு பூத்து பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. சுரண்டி மறுபடி அடித்தாலும் ஐப்பசி மழை தாங்கவில்லை. பெயிண்ட் வாரண்டி அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தில் இருந்தது: தரையிலிருந்து ஏறும் ஓதத்துக்கு (ஈரத்துக்கு) வாரண்டி கிடையாது.

நிழல் பக்கச் சுவரில் பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒரு நாள் விட்டேன். உள்பக்கம் நீர் முத்து, ஈரம் சுவருக்குள்ளிருந்துதான். கீழே தோண்டினால், பூச்சு பெல்ட் கான்கிரீட்டைத் (அஸ்திவாரத்துக்கு மேல், சுவருக்கு அடியில் ஓதத்தைத் தடுக்க ஓடும் கான்கிரீட் பட்டை) தாண்டி மண்ணுக்குள் இறங்கியிருந்தது. ஓதம் ஏற அதுதான் ஏணி.

அது வேலைக் குறை. ஒப்பந்தத்தில் காண்ட்ராக்டரின் பூச்சு வாரண்டி தனியாக இருந்ததால் போட்டோவோடு கேட்டதும் ஒப்புக்கொண்டார். 3 அடி உயரம் கொத்தி, பெல்ட்டுக்குக் கீழே பூச்சில்லாமல் விட்டு, நல்ல தண்ணீரில் 1:4 சிமெண்ட்-மணல் கலவை. 7 நாள் நீராட்டு, 28 நாள் கழித்தே பிரைமர். போர்வெல்லில் உப்புத் தண்ணீர் என்றால் லாரித் தண்ணீரே மேல்.