ப்ரேயர் ஆஃப் ஹீலிங்: எப்போது தட்டுவது, எப்போது கை வைக்கக் கூடாது

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் கேமில் ப்ரீஸ்ட் (மற்றவர்களுக்கு உயிர் ஏற்றக்கூடிய பாத்திரம்) 30ஆம் லெவலைத் தொட்டதும் ப்ரேயர் ஆஃப் ஹீலிங் என்ற ஸ்பெல்லைக் கற்றுக்கொள்ளலாம். ஒரே காஸ்டில் (ஒரு முறை ஸ்பெல்லைப் போடுவதில்) பார்ட்டியில், அதாவது உங்கள் குழுவில், உள்ள ஐந்து பேருக்கும் உயிர் ஏறும் என்பதால், புதிதாக ஹீலர் ஆனவர்கள் யாருக்கு அடி விழுந்தாலும் இதையே தட்டுவார்கள், இரண்டாவது சண்டையிலேயே மானா (ஸ்பெல் போடச் செலவாகும் சக்தி) காலி, அப்புறம் இவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிக்கும்வரை மற்ற நால்வரும் சும்மா நிற்க வேண்டியதுதான்.

கணக்கைப் பாருங்கள். 60ஆம் லெவலில், நல்ல கியர் (உடை, ஆயுதம்) சேருவதற்கு முன், நான்காம் ரேங்க் (ஸ்பெல்லின் படி) ப்ரேயர் 1030 மானா எடுத்துக்கொண்டு ஆளுக்கு 939 முதல் 991 வரை ஏற்றும். ஏழாம் ரேங்க் ஃப்ளாஷ் ஹீல் 380 மானாவுக்கு ஒருவருக்கு 812 முதல் 958 வரை தரும். இரண்டு பேருக்குத்தான் அடி என்றால் இரண்டு ஃப்ளாஷ் ஹீலில் 760 மானாவோடு வேலை முடிந்தது. மூன்று பேர் என்றால் அதுவே 1140 ஆகிவிடும், நேரமும் நாலரை நொடி. ப்ரேயருக்கு மூன்று நொடிதான். அதனால் மூன்று பேருக்காவது ஆயிரம் அளவுக்கு உயிர் குறைந்திருந்தால் மட்டும் தட்டுங்கள். டாங்க் (முன்னால் நின்று அடி வாங்குபவர்) சாகக் கிடக்கும்போது தொடவே வேண்டாம், முதலில் அவரைப் பாருங்கள்.

மூன்று நொடி என்பது சண்டையில் ரொம்ப நேரம். அடி விழுந்த பிறகு தொடங்கினால் தாமதம்தான். ஸ்ட்ராத்தோம் என்ற டஞ்சனில் வரும் பாஸ் (பெரிய எதிரி) பாரன் ரிவெண்டேரைச் சுற்றியுள்ள ஆரா பக்கத்தில் நிற்கும் எல்லோரையும் விடாமல் அரிக்கும். அந்த மாதிரி இடங்களில் முன்கூட்டியே காஸ்ட் தொடங்குங்கள். தேவையில்லை என்று தெரிந்தால் ஒரு அடி நகர்ந்தால் போதும், காஸ்ட் நின்றுவிடும். காஸ்ட் முடியும்போதுதான் மானா போகும் என்பதால் நஷ்டம் இல்லை.

உங்கள் மேலேயே அடி விழுந்தால் காஸ்ட் பின்னால் தள்ளிப்போகும், அதனால் அடியைத் தாங்கிக்கொள்ளும் பவர் வேர்ட் ஷீல்டை உங்களுக்கே போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். அடுத்த ஸ்பெல்லை மானா இல்லாமல் போட வைக்கும் இன்னர் ஃபோகஸ் டேலண்ட் (நீங்கள் தேர்ந்தெடுக்கும் கூடுதல் திறன்) இருந்தால் அதை அழுத்திவிட்டு ப்ரேயரைத் தட்டுங்கள், அந்த 1030 மானாவும் மிச்சம். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறைதான் கிடைக்கும், அதைப் போய் ஒரு ஃப்ளாஷ் ஹீலுக்குச் செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

இன்னொன்று, த்ரெட், அதாவது மான்ஸ்டர் யார் மேல் பாயும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கு. ஐந்து பேருக்கு ஏறிய ஹீல் அத்தனையும் உங்கள் கணக்கில்தான் சேரும். டாங்க் எல்லா மான்ஸ்டரையும் ஒரு தட்டாவது தட்டுவதற்கு முன் ப்ரேயர் விழுந்தால், தட்டாதவை நேராக உங்களிடம் ஓடி வரும். கொஞ்ச நேரத்துக்கு உங்கள் த்ரெட்டைக் குறைக்கும் ஃபேட் ஸ்பெல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஓடாதீர்கள், டாங்க் பக்கமாகப் போங்கள்.

ரெய்டில் (பல குரூப்கள் சேர்ந்து போகும் பெரிய சண்டையில்) நாற்பது பேர் இருந்தாலும் இது உங்கள் குரூப்பில் உள்ள ஐந்து பேருக்கு மட்டும்தான். தூரத்தில் பிரிந்து நிற்கும் மேஜ்களோடு (மந்திரவாதிகளோடு) உங்களைப் போட்டால் ஸ்பெல் பட்டனிலேயே தூங்கும். பாஸ் காலடியில் நின்று மொத்தமாக அடி வாங்குகிற ரோக், வாரியர் குரூப்பில் போடச் சொல்லி ரெய்டு லீடரிடம் முன்னாடியே கேட்டுவிடுங்கள்.