முட்டி வலி உள்ள அம்மாவோட புக்கிட் பாத்தோக் காட்டுல ஒரு நடை

ஊர்லேருந்து அம்மா சிங்கப்பூருக்கு வந்தா முஸ்தபா கடை, கோயில்னு ரெண்டு நாள் சுத்திட்டு மிச்ச நாளெல்லாம் பன்னண்டாவது மாடியிலயே உக்கார வச்சிடறோம், மண்ணு மரம்னு வாழ்ந்தவங்க பாவம். புக்கிட் பாத்தோக் நேச்சர் பார்க்குக்கு கூட்டிட்டு போங்க. பழைய கல்குவாரி, 1988ல பார்க்கா திறந்தாங்க, 36 ஹெக்டர், ஆனா உள்ள பாதையெல்லாம் குட்டி குட்டியாதான் இருக்கும், முடியலன்னா எங்க வேணாலும் திரும்பிக்கலாம்.

காலைல ஏழரைக்கே போயிடுங்க. மத்தியானம் இடி மழை வந்துச்சுன்னா மரத்தடியில நிக்கவே கூடாது. ராத்திரி மழை பெஞ்சிருந்தா பாதையில கிடக்குற இலை வழுக்கும், அதனால ஹவாய் செருப்பு வேண்டாம், பிடிப்பு உள்ள ஷூ போட்டு விடுங்க, புடவையை கொஞ்சம் தூக்கி கட்டிக்க சொல்லுங்க. ஏத்தத்துல பேச்சு குடுத்துக்கிட்டே போங்க, பதில் சொல்ல முடியாம மூச்சு வாங்குதுன்னா அங்கேயே நிறுத்திடுங்க.

குரங்கு விஷயம் முக்கியம். எங்கம்மா வாழைப்பழத்தை சிவப்பு பிளாஸ்டிக் பையில எடுத்துட்டு வந்தாங்க, பை சரசரன்னதும் ஒரு பெரிய ஆண் குரங்கு மரத்துலேருந்து இறங்கி நேரா அவங்க கையைப் பார்த்துட்டு வந்துச்சு, பல்லைக் காட்டுச்சு, அம்மா நடுங்கிட்டாங்க. நான் பையை வாங்கி முதுகுப் பைக்குள்ள போட்டு ஜிப் மூடிட்டு, அது கண்ணைப் பார்க்காம மெதுவா பின்னாடி நகர்ந்தோம், அதுவும் போயிடுச்சு. ஓடாதீங்க, கத்தாதீங்க. அனுமாராச்சேன்னு பழம் குடுக்க அம்மாவுக்கு ஆசை வரும், விடாதீங்க, இங்க சட்டப்படி குத்தம், முதல் தடவையே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம்.

குவாரி தண்ணி தெரியுற லுக்அவுட்ல நல்லா பத்து நிமிஷம் உக்காருங்க, சத்தம் போடாம இருந்தா ரெட்டைவால் நீளமா தொங்குற கரிச்சான் கிளைக்கு கிளை தாவறதைப் பார்க்கலாம், எங்கம்மா அதைப் பார்த்துட்டு ஊர்க் கரிச்சானுக்கு வால் இவ்ளோ இல்லியேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

லோரோங் செசுவாய்ங்கிற ரோட்டு முடிவுல 120 படி இருக்கு. ரெண்டாம் உலகப் போர்ல செத்த தங்க வீரர்களுக்காக, போர்க்கைதிகளை வச்சு ஜப்பான்காரங்க கட்டின நினைவிடத்துல மிச்சம் இருக்குறதுல அதுவும் ஒண்ணு, நினைவிடத்தை 1945ல அவங்களே இடிச்சுட்டாங்க. மேல இப்ப ஒலிபரப்பு டவர்தான் நிக்குது, அதனால முட்டி வலிக்காரங்களை ஏத்தாதீங்க, கீழ்ப் படியில உக்கார வச்சு கதையை சொல்லுங்க, வாழைப்பழம் மட்டும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கலாம்.